குளிரில் வளரும் கிருமியும் என் நடுவிரலும்

முதலில் அது ஒரு மிளகு அளவுதான் இருந்தது. வலது கை நடுவிரலில், நடுக் கணுவுக்குச் சற்று மேலே, சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு தடிப்பு. தொட்டால் வலிக்கவில்லை. வலிக்காததால்தான் எனக்குக் கவலை பிடித்தது. வலிக்கிற புண் எதனால் வந்தது என்று பெரும்பாலும் நமக்குத் தெரிந்திருக்கும். வலிக்காமல் உட்கார்ந்திருப்பது எதற்காக வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஆனி மாதம். பேருந்து நடத்துநராக முப்பது வருடம் ஓடி ஓய்வு பெற்று, கொல்லிமலையில் குண்டனி நாட்டில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடிகள், ஒரு துண்டு மரவள்ளி, கொஞ்சம் சாமை. வீட்டில் நானும் மனைவி வெள்ளையம்மாளும். தலைகளை எண்ணியே பிழைத்தவன் ஆகையால் எண்ணாமல் எதையும் பார்க்க எனக்கு வராது. கொடிகளையும் எண்ணுவேன், கூரை ஓடுகளையும் எண்ணுவேன். அந்தத் தடிப்பை மட்டும் எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கையில் இப்படியொரு ஆறாத கட்டியோடு யாராவது ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அலைந்தபோது எனக்கு இப்படி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தால் பாதி இரவாவது தூங்கியிருப்பேன்.

வெள்ளையம்மாள் குப்பைமேனியையும் மஞ்சளையும் அரைத்துக் கட்டினாள். நான் காலையில் அவிழ்த்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பேன். மதியம் ஒருமுறை பார்ப்பேன். விளக்கு வைத்ததும் ஒருமுறை.

"ஏனுங்க, அதை இப்படிக் கண்ணாடி போட்டுப் போட்டுப் பாத்தா அது வளராம என்னங்க பண்ணும்? உங்க கண்ணு பட்டே பெருசாயிப் போச்சு," என்றாள்.

பெரிதாகத்தான் ஆயிற்று. ஆடியில் உடைந்து தண்ணீராகக் கசிந்தது. மலைமேல் இருந்த சிறு ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஆறவில்லை. ஆவணியில் புறங்கையில் இன்னொன்று கிளம்பியது. பிறகு மணிக்கட்டில் ஒன்று. புரட்டாசியில் முன்கையில் இரண்டு. ஒரு கோட்டில், ஒன்றன் பின் ஒன்றாக, வழித்தடத்தில் நிறுத்தங்கள் இருப்பதுபோல. கடைசி நிறுத்தம் எது என்பதுதான் எனக்குப் பயம்.

ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் பங்காளி சடையன் என்னைவிட எட்டு வயது சிறியவன். தினமும் என்னோடு வெற்றிலை போடுகிறவன். ஒருநாள் நான் வெற்றிலைப் பையை நீட்டினேன்.

"பல்லு வலிங்கண்ணா, வேண்டாங்க," என்றான்.

சற்று நேரம் கழித்து அவன் தன் மடியிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவனைக் குறை சொல்வதற்கில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குட்டம் என்ற சொல்லை வாயால் சொல்லாமல், கோணி ஊசியால் விரலை அங்கங்கே தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் கட்டிக் கொடுத்த என் மகள் செல்விக்கு ஆள் சொல்லி அனுப்பினோம். ஐப்பசியில் அவள் என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தோல் நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர். நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார். கேட்டதை எழுதுவார், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பார். எனக்கு அந்தப் பழக்கம் பிடித்தது.

என் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். சுடுதண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் குளிர்தண்ணீர் ஊற்றியதையும் தோலில் மாற்றி மாற்றி வைத்தார். முழங்கையின் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

"குட்டநோய் இல்லீங்கய்யா. அந்தப் பயத்தை இங்கயே விட்டுட்டுப் போங்க."

நான் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லவே இல்லை. அவராகவே எடுத்துச் சொன்னதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பிறகு கேள்விகள். தோட்டத்தில் முள் குத்தியதா, வைக்கோல் கிழித்ததா, பூனை பிறாண்டியதா. இல்லை, இல்லை, இல்லை. அடுத்து, "மீன் புடிப்பீங்களா? மீன் கழுவுவீங்களா? வீட்ல மீன் தொட்டி இருக்குங்களா?" என்றார்.

"மூணும் இல்லீங்கம்மா."

செல்வி சிரித்தாள். "மலை மேல மீனுக்கு எங்கீங்க டாக்டர் போறது? சந்தைக் கருவாடுதான் வரும். அதையும் அப்பா தொட மாட்டாருங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. என் மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பதில் தவறு. அது தவறு என்று எனக்கே தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் என் விரலுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

முதலில் பயாப்ஸி (நோயுள்ள இடத்திலிருந்து சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முன்கைக் கட்டியிலிருந்து அரிசி அளவுக்கு எடுத்தார்கள். அதில் கிரானுலோமா (அழிக்க முடியாத ஒன்றைச் சுற்றி உடம்பு கட்டும் உயிரணுக்களின் வேலி) இருப்பதாகச் சொன்னார்கள். வேலி தெரிந்தது. உள்ளே இருந்த திருடன் தெரியவில்லை. காசநோய் தோலிலும் வரும் என்றார்கள். நெஞ்சை எக்ஸ்-ரே எடுத்தார்கள்; சுத்தமாக இருந்தது. சதையின் இன்னொரு துண்டைக் கிருமி வளர்க்கிற புட்டியில் இட்டு, மனித உடம்பின் சூட்டிலேயே இருக்கும் பெட்டியில் வைத்தார்கள். எட்டு வாரம் வைத்திருந்தும் எதுவும் முளைக்கவில்லை.

இதற்கிடையில், பூஞ்சணமாக இருக்கலாம் என்று ஒரு சொட்டு மருந்து. பாலில் கலந்து குடிக்க வேண்டும். வாயெல்லாம் துருப்பிடித்த தகரத்தை நக்கியதுபோல் இருக்கும். கட்டிகள் அசையவில்லை.

மார்கழிக் குளிரில் விரல் மோசமாயிற்று. அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக வீங்கி மடங்க மறுத்தது. மிளகுச் சரத்தைக் கிள்ளப் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வேண்டும். சட்டைப் பொத்தான் போடவும் வேண்டும். கையெழுத்துப் போடவும் வேண்டும். முப்பது வருடம் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் அந்த மூன்று விரல்தான். இதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. ஒன்று வேலைநிறுத்தம் செய்யும்போதுதான் அது செய்துவந்த வேலையின் பட்டியல் கிடைக்கிறது.

அறுவை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் வளவளவென்று பேசுகிறவர் அல்ல.

"தசைநார் உறைக்குள்ள (விரலை மடக்கும் நார் ஓடுகிற குழாய்) சீழ் எறங்கியிருக்கு. இது உள்ளங்கைக்குப் போச்சுன்னா கையே போயிரும். விரலை எடுத்துரலாம் பெரியவரே. ஒரு விரல்தான்."

பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமைக்கு நாள் சொன்னார். ஒரு விரல்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். செல்வி சொன்னாள், மருமகன் சொன்னார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். எனக்கு அது கணக்காகப் படவில்லை. விரலை எடுத்த பிறகும் மேலே நான்கு கட்டி இருக்கிறதே? என்னவென்று தெரியாத ஒன்று, ஒரு நிறுத்தத்தை மூடிவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிடுமா?

வெள்ளையம்மாள் அதுவரை சேலத்துக்கு வந்ததே இல்லை. மலையிறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் வாந்தி எடுப்பாள். அதனால் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் விரலை எடுக்கும் நாளில் கூட இருக்க வேண்டும் என்று, மடி நிறைய எலுமிச்சம்பழமும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுமாக வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி இருந்தது. நானும் செல்வியும் அதற்கு எதிரே எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறோம். வெள்ளையம்மாள் உள்ளே வந்ததும் நேராக அதனிடம் போனாள். செருப்பைக் கழற்றினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. சாமிங்களப் புடிச்சாந்து பொட்டியில அடைச்சு வெச்சிருக்கறாங்க. கேப்பார் இல்லையா?"

"மெதுவாப் பேசு புள்ள. ஆஸ்பத்திரி இது."

"அந்தா, மீசை வெச்சுக்கிட்டு அடியில படுத்திருக்குதே. இதாட்டம் ஒண்ணுதானுங்க சித்திரையில உங்க வெரல்ல முள்ளால போட்டது? மலையே கேக்கற மாதிரி கத்துனீங்களே."

"அது சாமி காரியம். அதை எதுக்கு இங்க பேசற?"

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. தோல் டாக்டரம்மா. அறுவைக்கு முன் என் கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவர்.

"அம்மா, என்ன குத்துச்சுன்னு சொன்னீங்க?" என்று வெள்ளையம்மாளைக் கேட்டார்.

அவள் சொன்னாள். நான் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்குக் கீழே ஓடும் ஆற்றில், கோயில் துறையை ஒட்டி இருக்கும் மீன்கள் சாமிக்கு உரியவை. யாரும் பிடிக்க மாட்டோம், சாப்பிட மாட்டோம். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி ஆறு குட்டை குட்டையாக அறுந்து போகும். மீன்கள் சேற்றில் துடிக்கும். அப்போது வீட்டுக்கு இருவர் போய் அவற்றை மேலே வற்றாத மடுவில் (ஆற்றின் ஆழமான குழியில்) கொண்டுபோய் விட வேண்டும். வலை கூடாது. இரும்போ பித்தளையோ படக் கூடாது. இரண்டு கையையும் குவித்து, தண்ணீரோடு சேர்த்து அள்ளி, மண்குடத்தில் விட வேண்டும். அந்தச் சித்திரையில் ஒரு கெளுத்தி தன் முள்ளால் என் நடுவிரலைக் குத்திவிட்டது. துடைத்துவிட்டு அடுத்த மீனை அள்ளினேன். மாலைக்குள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமே.

டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, மீன் தொட்டீங்களான்னு மூணு விதமாக் கேட்டனே."

"மீனைக் கேட்டீங்க. இதுங்க சாமிதுங்களேம்மா."

"குத்துனதுகூட ஞாபகம் வரலீங்களா?"

"வந்துச்சுங்க. ஆனா சாமி காரியத்துல பட்ட காயத்துல சீக்கு வருமாங்க?"

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "தப்பு என் கேள்வியிலயும் இருக்கு," என்றார். "இனிமே மீன்னு கேக்க மாட்டேன். தண்ணியில கை வெச்சப்ப எது குத்துச்சுன்னு கேக்கறேன்." பிறகு எழுந்து அறுவை டாக்டரின் அறைக்குள் போனார். கதவு வெகுநேரம் மூடியே இருந்தது. வெள்ளையம்மாள் தொட்டிக்கு எலுமிச்சம்பழம் ஒன்று வைத்தாள். ஆயாம்மா வந்து அதை எடுத்துக்கொண்டார்.

அன்று விரல் போகவில்லை. விரலைத் திறந்து, நார் உறையைக் கழுவி, கெட்ட சதையை மட்டும் வழித்து எடுத்தார்கள். "ஆறு வாரம் பார்க்கலாம். உள்ளங்கை வீங்குச்சுன்னா அன்னைக்கே வந்துரணும். அப்புறம் யார் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்," என்றார் அறுவை டாக்டர்.

அந்தச் சதைத் துண்டுதான் மறுபடி புட்டிக்குள் போயிற்று. இந்த முறை இரண்டு புட்டிகள். ஒன்று பழையபடி சூட்டுப் பெட்டியில். இன்னொன்று, கறுப்புக் காகிதம் சுற்றி, அதைவிடக் குளிர்ச்சியான இடத்தில்.

டாக்டரம்மா சந்தேகப்பட்ட கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் மரைனம். காசநோய்க் கிருமிக்கும் குட்டநோய்க் கிருமிக்கும் அது பங்காளி முறை. ஆனால் காசநோய் தராது, குட்டமும் தராது. தண்ணீரில் இருப்பது; மீன்களைப் பிடிப்பது; மனிதரின் தோலில் காயம் கிடைத்தால் நுழைவது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

"சாதாரணக் கிருமி அரை மணி நேரத்துக்குள்ள ஒண்ணு ரெண்டாயிரும். இதுக்கு மணிக்கணக்குல ஆகும். அதான் மெதுவா வளர்ற கூட்டத்துல சேத்திருக்காங்க. இன்னொண்ணு, நம்ம உடம்புச் சூடு இதுக்கு ஆகாது. கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தாத்தான் வளரும். விரலும் கையும் உடம்புல குளிர்ந்த இடம். அங்கதான் இருக்கும். நெஞ்சுக்குள்ள சாதாரணமா எறங்காது."

"அப்ப முதல் புட்டி?"

"சூட்டுப் பெட்டியில வெச்சோமில்லீங்களா? அது அங்க பட்டினி கெடந்திருக்கும்."

எனக்கு அன்று ஒன்று புரிந்தது. மார்கழியில் விரல் ஏன் மோசமாயிற்று என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எங்கள் மலைக் குளிர் அதற்குத் தீனி போட்டிருக்கிறது. டாக்டரம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்வதில் கெடுதல் இல்லை, சுட்டுக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் சொன்னார். நான் வலது கையை இடது அக்குளில் செருகிக்கொண்டு திரிந்தேன். பேருந்திலும் அப்படியே, தின்னும்போதும் இடது கையால் கரண்டி பிடித்துக்கொண்டு அப்படியே.

"கோழி அடை காக்கறாப்புல இருக்குதுங்க," என்றாள் வெள்ளையம்மாள். "குஞ்சு பொரிச்சா சொல்லுங்க."

முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். இரண்டு வகை. ரிஃபாம்பிசின் என்பது ஒன்று. சிறுநீர் காவி நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியும் பயந்தேன். வெள்ளையம்மாள், "சாமியாராப் போறவங்க வேட்டிக்குத்தான காவி போடுவாங்க, நீங்க என்னங்க உள்ளயே போட்டுக்கிட்டீங்க," என்றாள்.

மற்றது எதாம்புட்டால். அது சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் மங்கினால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். இதை என்னைப் போன்றவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. அப்போது மிளகு பழுக்கிற காலம். பச்சைச் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் பறிக்கலாம் என்று கணக்கு. தினமும் காலையில் கொடியடியில் நின்று சிவந்த மணிகளை எண்ணி, வெள்ளையம்மாளையும் எண்ணச் சொல்லி, இரண்டு எண்ணும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் அவள் கணக்கு ஒன்று கூடுதலாக வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பார்த்தால், அவள் கூடுதலாக எண்ணியது ஒரு சிவப்பு எறும்பு.

வாரம் ஒருமுறை கடைத்தெருவில் தொலைபேசிக் கடைக்கு நடந்து போய்ச் சேலத்துக்குப் பேசுவேன்.

"வளர்ந்துச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்கய்யா. மெதுவாத்தான் வரும்னு சொன்னனே."

ஒரு கிருமி வளர வேண்டும் என்று அந்த நாட்களில் சாமியை வேண்டிக்கொண்டேன். புட்டியில் வளரட்டும், விரலில் வேண்டாம். புட்டியில் வளர்ந்தால் அதற்குப் பெயர் உண்டு, மருந்து உண்டு, என் விரல் எனக்கு. வளராவிட்டால் ஆறு வாரம் முடிந்ததும் அறுவை டாக்டர் இருக்கிறார். விரலில் அதற்குள் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வீக்கம் ஒரு நாள் குறைந்தது போலிருக்கும், மறுநாள் இருந்தது போலவே இருக்கும். மருந்தும் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று அப்போது எனக்கு நம்பத் தெரியவில்லை.

நான்காம் வாரம் தொலைபேசியில் டாக்டரம்மாவின் குரல் வேறாக இருந்தது. "நாளைக்கு வாங்க. ரெண்டு நாள் மக வீட்ல தங்கற மாதிரி வாங்க. ஒண்ணு காட்டறேன்."

கிருமி வளர்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு அவரே கூட்டிப் போனார். சூட்டுப் பெட்டிப் புட்டியில் ஒன்றுமில்லை. முட்டையையும் பச்சைச் சாயத்தையும் கலந்து சாய்வாக உறைய வைத்த தளம் பளபளவென்று வெறுமையாக இருந்தது. குளிர்ந்த புட்டியின் கறுப்புக் காகிதத்தைப் பிரித்தார். பச்சைத் தளத்தின்மேல் ரவை தூவியதுபோல் வெளிறிய சிறு மொட்டுகள்.

"இதுதான் உங்க விரல்ல இருந்தது," என்றார். புட்டியை ஒரு விளக்கின் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து பாருங்க," என்றார்.

மறுநாள் போனேன். அந்த மொட்டுகள் எல்லாம் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறியிருந்தன.

"இருட்டுல வளர்ந்தா நெறம் இருக்காது. வெளிச்சம் பட்டா மஞ்சளாகும். மெதுவா வளருது, குளிர்ச்சியில வளருது, வெளிச்சத்துல மஞ்சளாகுது. நடத்தை எல்லாம் ஒத்துப் போகுது. இன்னும் ரெண்டு சோதனை இருக்கு, ஆனா எனக்குச் சந்தேகம் இல்லை."

நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து மாதமாக என் சதைக்குள் இருட்டில் நிறமில்லாமல் இருந்தது. ஒரே நாள் வெளிச்சத்தில் இப்படி ஆகிவிட்டது. அதன் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. அதற்கும் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு தட்பவெப்பம் இருக்கிறது, வழி தவறி என்னிடம் வந்திருக்கிறது என்று தோன்றியது. இதைச் செல்வியிடம் சொன்னேன். "போங்கப்பா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வளப்பீங்களாட்டம்," என்றாள்.

ஆறாம் வாரம் அறுவை டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். மடக்கச் சொன்னார். கால்வாசி மடங்கியது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "மருந்து கேக்குது. எனக்கு இங்க வேலை இல்லை," என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். ஒரு மனிதர் தனக்கு வேலை இல்லை என்று சொன்னதில் நான் அவ்வளவு மகிழ்ந்தது அன்றுதான்.

ஊருக்குத் திரும்பி முதலில் சடையனைத் தேடிப் போனேன். ஒட்டுவாரொட்டி இல்லை, குட்டம் இல்லை, மீன் முள் வழியாக வந்த கிருமி என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என் வெற்றிலைப் பையை அவனே இழுத்து எடுத்துக்கொண்டான்.

"பல்லு வலி?" என்றேன்.

"உங்க வெரலு ஆறுனப்பவே அதுவும் ஆறிப் போச்சுங்கண்ணா," என்றான்.

ஆறவில்லை, ஆறத் தொடங்கியிருந்தது. அதை அவனுக்கு விளக்கவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு விளக்குகிறேன். இந்த நோயில் இன்று ஆறிவிட்டது என்று சொல்லும்படி ஒரு நாள் வராது. முன்கைக் கட்டிகள் முதலில் வற்றின. பிறகு மணிக்கட்டு. வந்த வழியிலேயே, கடைசி நிறுத்தத்திலிருந்து முதல் நிறுத்தத்துக்கு, வண்டி திரும்பிப் போனது. விரல்தான் கடைசி. எல்லாம் மூடிய பிறகும் இரண்டு மாதம் மாத்திரை விழுங்கச் சொன்னார்கள். மெதுவாக வளர்கிற கிருமி மெதுவாகவே சாகும். பாதியில் நிறுத்தினால் தூங்கிக்கொண்டிருக்கும் மிச்சம் எழுந்துகொள்ளும். அதனால் நன்றாகிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள், ஆனால் எறும்பை எண்ணாதீர்கள்.

இன்னொன்று. டாக்டர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். அவர் அவருடைய ஊரின் சொல்லால் கேட்கிறார். உங்கள் கை போன இடங்களை எல்லாம் சொல்லுங்கள். தோட்டம், தொட்டி, ஆறு, கோயில். எது நோய்க்குச் சம்பந்தம் என்று பிரிப்பது அவர் வேலை. முடிந்தால் முதல் நாளே உங்களோடு இருப்பவரையும் அழைத்துப் போங்கள். வளைவுகளில் வாந்தி எடுப்பவராக இருந்தாலும் சரி.

விரல் முக்கால்வாசி மடங்கும். அதற்கு மேல் மடங்காது. முன்பெல்லாம் எனக்குக் கை என்று ஒன்று இருந்தது. இப்போது ஒரு கையும், அதில் ஒரு விரலும் இருக்கின்றன. பனிக்காலத்தில் மற்ற விரல்களுக்கு முன்பே அதற்குக் குளிர் தெரிந்துவிடும். வண்டியில் இருந்த காலத்தில் என் நேரமெல்லாம் நிமிடமாக இருந்தது. மூன்று நிமிடத் தாமதத்துக்கு ஓட்டுநரோடு சண்டை போடுவேன். இப்போது எதையாவது விதைத்தால் அடுத்த நாளே போய்த் தோண்டிப் பார்ப்பதில்லை. கவலைப்படுவது நிற்கவில்லை. கவலையின் வேகம் குறைந்திருக்கிறது.

அடுத்த சித்திரையில் ஆற்றுக்குப் போகவில்லை. விரலில் இன்னும் புண் இருந்தது. அதற்கும் அடுத்த சித்திரையில் போனேன். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு இறங்கச் சொல்லியிருந்தார். காயம் உள்ளவர்கள் யாரும் இறங்க வேண்டாம், முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று ஊருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். செல்வி வாங்கிக் கொடுத்த ரப்பர் உறையை வலது கையில் மாட்டினேன். துறையில் பேச்சு எழுந்தது. வலையும் கூடாது, உலோகமும் கூடாது, உறை கூடுமா? பூசாரி அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ரப்பருங்கறது மரத்துப் பாலுதான? பால் பட்டா சாமிக்கு என்ன குத்தம்? எறங்குங்க கண்டக்டரே."

"ஒத்தக் கையில சட்டை போட்ட பக்தரு," என்றான் சடையன்.

குட்டையில் இறங்கிக் கைகளைக் குவித்து ஒரு மீனை அள்ளினேன். குடத்தருகே போவதற்குள் மீன் துடித்தது. குனிந்து பார்த்தால் கையில் தண்ணீர் இல்லை. மடங்காத விரலின் இடுக்கு வழியே முழுவதும் ஒழுகிப் போயிருந்தது. மறுபடி அள்ளினேன். மறுபடி ஒழுகியது.

"ஓட்டைப் பாத்திரமுங்கண்ணா! கரையில உக்காந்து எண்ணிக்கிட்டு இருங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வரும்," என்று சடையன் கத்தினான்.

நான் கரையேறத் திரும்பினேன். வெள்ளையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். தன் இரண்டு கைகளையும் குவித்து என் கைகளுக்கு அடியில் வைத்தாள். நான் அள்ளினேன். என் விரலிடுக்கில் ஒழுகிய தண்ணீர் அவள் கையில் நின்றது. மீன் அந்தத் தண்ணீரில் வாலை ஒருமுறை அசைத்தது. ஒன்றாகச் சேர்ந்த எங்கள் நான்கு கைகளோடு, வழுக்கும் கல்லில் அடி பார்த்து அடி வைத்து, குடத்துக்கு நடந்தோம். அவசரப்படாமல்தான் நடந்தோம். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.